ஒஹாயோ நதியும் ஓர் அம்மையாரும்

சின்சினாட்டி

அமெரிக்க தேசத்து நூலாசிரியர்களின் இல்லங்களைத் தரிசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரையோரமாகவே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரைத் தேடிப் போகிறவர்களும் அப்படியே. அவர் பிறந்த லிட்ச்ஃபீல்டு, 'டாம் மாமாவின் குடிசை' என்னும் நாவலை எழுதிய பிரன்ஸ்விக், முதுமையில் வாழ்ந்து மறைந்த ஹார்ட்ஃபோர்டு ஆகிய மூன்று ஊர்களும் நியூ இங்கிலாந்து என்று வழங்கும் வடகிழக்குப் பிரதேசத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதற்கு மேற்கே அவர்கள் கண் போவதில்லை. ஆனால் அந்த நூலின் கரு எங்கே உண்டாயிற்று என்று அறிய விரும்புகிறவர் முதலில் வந்து நிற்கவேண்டிய இடம், கடலுக்கு வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் சின்சினாட்டி நகரமும் அதை ஒட்டி ஓடும் ஒஹாயோ நதியுமே என்பது என் துணிபு.

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு நதி என்றால் படித்துறையும், அரசமரத்தடிப் பிள்ளையாரும், ஈரப் புடைவையோடு குடம் சுமந்து செல்லும் பெண்களுமே நினைவுக்கு வருவது சுபாவம். ஒஹாயோவுக்கு அவை ஒன்றும் கிடையா. பழுப்பு நிறப் பிரவாகம், அதன்மேல் நிலக்கரி நிரம்பிய தட்டைப் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஓர் இயந்திரப் படகு, இரு கரைகளையும் இணைக்கும் நீல வர்ணத் தொங்குபாலம், இவ்வளவுதான். பாலத்தின்மேல் நடந்து அக்கரை சேர அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் அடி அகலமுள்ள இந்த நீர்ப்பரப்புத்தான், 1787ஆம் ஆண்டின் சட்டத்தால் அடிமைத்தனம் விலக்கப்பட்ட வடகரைக்கும், மனிதனை மனிதன் விலை பேசி வாங்கலாம் என்றிருந்த கென்டகி மாநிலத்துத் தென்கரைக்கும் இடையே எல்லையாக நின்றது. பாலம் திறக்கப்பட்டது உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்ற பிற்பாடு. அதற்கு முன் கடக்கத் துணிந்தவர்கள் இரவில் களவாகப் படகேறியும், கடுங்குளிரில் நதி உறைந்த நாட்களில் பனிக்கட்டிமேல் நடந்தும் கடந்தார்கள்.

1832ஆம் ஆண்டில், 21 வயதுப் பெண்ணாக ஹாரியட் இந்த ஊருக்கு வந்தார். அவருடைய தகப்பனார் லைமன் பீச்சர் பேர்போன பிரசங்கி. வால்நட் ஹில்ஸ் என்ற மேட்டுப் பகுதியில் புதிதாக ஏற்பட்ட லேன் வேதாகமக் கல்லூரிக்குத் தலைவராக அழைக்கப்பட்டுக் குடும்பத்தோடு குடியேறினார். அவர்கள் வசித்த வீடு கில்பர்ட் அவென்யூவில் இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றிக் காட்டிய பெண்மணி எழுபது வயது கடந்த கறுப்பினத்தவர். வெண்மயிரை இறுக முடிந்து, படியேறும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வீட்டின் ஒரு பகுதியை 1840ஆம் வருஷத்துப் பாங்கிலும், மற்றொரு பகுதியை நூறு வருஷம் பிந்திய பாங்கிலும் செப்பனிட்டிருப்பதைக் கண்டு நான் காரணம் கேட்டேன். இந்த வீடு இடைக்காலத்தில் 'எட்ஜ்மான்ட் இன்' என்ற தங்கும் விடுதியாக இருந்ததென்றும், கறுப்பின யாத்திரிகர்களுக்கு எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும் என்று தெரிவித்த 'கிரீன் புக்' என்னும் கையேட்டில் இதன் பெயர் அச்சாகியிருந்ததென்றும் அவர் விளக்கினார். "என்னைப் பெற்றவள் கல்யாணமான புதிதில் இங்கே ஓர் இராத்திரி தங்கியிருக்கிறாள், ஐயா. யார் வாழ்ந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. வேறெங்கும் கதவு திறக்கமாட்டார்கள் என்று தெரியும்" என்றார். விடுதலைச் சட்டம் வந்து எண்பது வருஷத்துக்குப் பிறகும் ஒரு தம்பதிக்கு இராத் தங்க இடம் தேடும் நிலைமை இருந்ததைச் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

ஹாரியட் இந்த ஊரில் 18 வருஷம் இருந்தார். அந்தப் பதினெட்டு வருஷங்களில் அவர் கண்ணெதிரே நடந்தவற்றைக் கோத்துப் பார்த்தால், ஒரு மனம் எப்படிப் பக்குவப்பட்டது என்பது துலங்கும். 1834 பிப்ரவரியில் லேன் கல்லூரி மாணவர்கள், தியோடர் வெல்ட் என்பவரின் தலைமையில், அடிமை முறையை உடனே ஒழிப்பதா என்பதைப் பற்றிப் பதினெட்டு மாலைகள் விவாதம் நடத்தினார்கள். நிர்வாகிகள் வாய்ப்பூட்டுப் போடவே, பெரும்பாலோர் கல்லூரியை விட்டு வெளியேறிவிட்டார்கள். 1836 கோடையில் ஒரு கும்பல், அடிமை முறையைக் கண்டித்து வந்த ஜேம்ஸ் பெர்னியின் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து அச்சு இயந்திரத்தைத் தகர்த்து ஆற்றிலே தள்ளிற்று. அவ்வருஷம் ஜனவரியில்தான் ஹாரியட், லேன் கல்லூரி ஆசிரியர் கால்வின் ஸ்டோவை மணந்திருந்தார். கணவர் ஐரோப்பாவில், தாம் கர்ப்பிணி. அந்த நிலையிலும் தம் சகோதரரின் பத்திரிகையில் புனைபெயரில் அந்த அக்கிரமத்தைக் கண்டித்து எழுதினார். அன்று பெர்னிக்குத் துணையாசிரியராக இருந்த கமாலியேல் பெய்லி என்பவரே பிற்காலத்தில் வாஷிங்டன் நகரில் 'நேஷனல் ஈரா' பத்திரிகையை நடத்தி, அதில் ஸ்டோ அம்மையாரின் நாவலைத் தொடராக வெளியிட்டார். ஆற்றில் எறிந்த அச்செழுத்துக்கள் பதினைந்து வருஷம் கழித்துக் கரையேறின என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவை பொதுக் காரியங்கள். வீட்டுக்குள்ளேயும் அந்த நதி புகுந்தது. அவர்களிடம் வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்ணைத் தேடிப் பழைய எஜமானன் ஊருக்குள் வந்திருப்பதாகத் தெரிந்த இரவில், கால்வின் ஸ்டோவும் ஹாரியட்டின் சகோதரரும் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காட்டுப் பாதை வழியாக ஜான் வான் ஸாண்ட் என்ற விவசாயியின் வீட்டில் சேர்த்தார்கள். 1849இல் நகரத்தில் காலரா பரவியபோது, பதினெட்டு மாதமே ஆன சார்லி என்ற ஆண்குழந்தையை ஹாரியட் பறிகொடுத்தார். குழந்தை படுத்த படுக்கையருகிலும் அதைப் புதைத்த இடத்திலும்தான், தன் பிள்ளையைப் பிறர் பிரித்து விற்கக் கண்ட அடிமைத் தாயின் வேதனை இன்னதென்று தாம் அறிந்ததாக அவர் பின்னர் எழுதினார். இலக்கிய விமர்சகர்கள் இந்த நாவலில் உணர்ச்சி மிகை என்பார்கள். குழந்தையைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த கை எழுதியது என்பதை அவர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நதிக்கரையில் 2004இல் திறக்கப்பட்ட சுதந்திர நினைவுக் கூடத்தில் ஒரு பொருளைக் கண்டேன். அதை மறப்பது கடினம். கென்டகியின் மேசன் வட்டாரத்தில் புகையிலைக் கொட்டகை ஒன்றுக்குள் மறைந்து கிடந்த மரக்கட்டைக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நீளம் 30 அடி, அகலம் 21 அடி, இரண்டு தட்டு. ஜான் ஆண்டர்சன் என்னும் அடிமை வியாபாரி, தெற்கே நாட்செஸ் சந்தைக்கு ஓட்டிச் செல்லுமுன் மனிதர்களை அடைத்துவைத்த பட்டி அது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், மேல்தட்டைத் தாங்கும் உத்தரத்தில் அறைந்த இரும்பு வளையம் தெரிகிறது. ஆண்களைச் சங்கிலியிட்டு அதில் கோத்திருப்பார்கள். கட்டைகளில் கோடரி வெட்டின தழும்பு ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. என்னோடு நுழைந்த பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வந்தவர்கள், உள்ளே ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவு, மாசிடோனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்நகருக்கு அளித்த 'சில்லி' என்ற பண்டத்தை உண்டேன்: மாவுச் சேவையின் மேல் பட்டை மணக்கும் இறைச்சிக் குழம்பை ஊற்றி, பாலாடைக்கட்டியைத் துருவிக் குவித்துத் தருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் அபார அபிமானம். எனக்குப் பட்டை வாசனை மட்டும் பிடித்தது.

வாஷிங்டன், கென்டகி

தலைநகரின் பெயரைத் தாங்கிய இந்தச் சிற்றூர், நதியோரத்து மேஸ்வில் பட்டணத்துக்கு மேலே, மேட்டு நிலத்தில் இருக்கிறது. வழி நெடுக மெத்தென்ற பசும்புல் மேடுகள். இடையிடையே கறுப்பு வர்ணம் பூசிய புகையிலைக் கொட்டகைகள். 1833இல் ஹாரியட் தம் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு விருந்தாளியாக இங்கே வந்தார். மார்ஷல் கீ என்பவரின் அந்த வீடு, செங்கல் சுவரும் வெள்ளை ஜன்னலுமாக, இன்று ஒரு சிறு காட்சிசாலை. வந்த இடத்தில், நீதிமன்றத்து முன்னிருந்த புல்வெளியில் அடிமைகளை ஏலம் விட்டதை அவர் பார்த்தார். அந்தப் புல்வெளியில் இப்பொழுது ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் நிற்கிறது. எதிரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த முதியவர் என்னைப் பார்த்துக் கை அசைத்தார். அவ்வளவு அமைதியான தெரு.

எதிர்ப்பட்ட உணவுக் கடையில், மக்காச்சோள ரொட்டியும் வெள்ளைப் பயறு வேகவைத்த குழம்பும் கிடைத்தன. கடைசியில் 'டிரான்ஸ்பரன்ட் பை' என்ற, முட்டையும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பலகாரம் ஒன்று. பரிமாறிய பெண், "எங்கள் மேஸ்வில்லைத் தவிர வேறெங்கே போனாலும் இது கிடைக்காது, ஐயா" என்று பெருமையோடு சொன்னாள். இவ்வளவு உபசாரம் தெரிந்த மண்ணில் அவ்வளவு கொடுமை எப்படி நடந்தது என்று நான் யோசித்துக்கொண்டே உண்டேன். அம்மையாரையும் இதே கேள்விதான் வருத்தியிருக்க வேண்டும். நாவலில் ஷெல்பி என்னும் கென்டகி எஜமானனைக் கொடியவனாக அவர் படைக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது, நல்ல மனிதனும் தன் வீட்டில் வளர்ந்தவனை விற்றுவிடுவான் என்று காட்டினார். தனி மனிதனின் குணத்தைக் காட்டிலும் அவன் ஒத்துக்கொண்ட ஏற்பாடே பெரிய பாபம் என்பது அவர் கண்ட உண்மை.

காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய விற்பனைப் பத்திரத்தின் முன் நெடுநேரம் நின்றேன். சுந்தரமூர்த்தி நாயனாரின் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் ஆளோலையை நீட்டி, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்காடிய கதையைச் சிறு பிராயத்தில் பக்தியோடு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருவெண்ணெய்நல்லூர் சபையார் ஓலையை வாங்கிப் படித்துத் தீர்ப்பளிக்கும் அளவுக்கு, மனிதனை எழுதிக்கொடுக்கும் சாஸனம் அன்றைய உலகில் வழக்கமாயிருந்தது என்பதை அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தஞ்சைத் தரணியில் நிலத்தோடு ஆட்களும் கைமாறினார்கள்; அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1843இல்தான். கென்டகிக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் மட்டும் விலகி நிற்க இடமில்லை.

ரிப்ளி

மேஸ்வில் பாலத்தைத் தாண்டி மறுபடி வடகரை சேர்ந்து, நதியோரமாகச் சற்றுத் தூரம் கீழே வந்தால் ரிப்ளி. ஒரே வரிசையாக நதியைப் பார்த்த வீடுகள். பின்னால் செங்குத்தான குன்று. குன்றின் உச்சியில், ஜான் ராங்கின் என்ற பாதிரியாரின் சிறிய செங்கல் வீடு இருக்கிறது. பதின்மூன்று பிள்ளைகளோடு அந்த வீட்டில் வாழ்ந்த அவர், அடிமை முறையைக் கண்டித்துத் தம் சகோதரருக்கு எழுதிய கடிதங்களை 1826இலேயே நூலாக்கியவர். தப்பி வருகிறவர்களுக்கு அடையாளமாக இரவில் ஜன்னலில் விளக்கு வைப்பார்களாம். கீழிருந்து வீட்டுக்கு ஏற மரப்படிகள் இருக்கின்றன. நடுவிலே மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தபோது, நதியின் முழு வளைவும் அக்கரைக் கென்டகிக் குன்றுகளும் கண்ணுக்குள் வந்தன. துரத்தி வருபவன் எத்தனை தூரத்தில் வந்தாலும் இங்கிருந்து தெரிந்துவிடும்.

1838 குளிர்காலத்தில், கைக்குழந்தையோடு ஒருத்தி உருகத் தொடங்கிய பனிக்கட்டிகளின்மேல் இந்த இடத்தில் நதியைக் கடந்து ராங்கின் வீட்டுக்கு வந்தாள். கரையில் காத்திருந்த ஆள்பிடிப்பவன், நனைந்து நடுங்கி ஏறிவந்தவளைக் கண்டு மனமிளகி, குன்றின்மேல் தெரிந்த வீட்டுக்கு வழிகாட்டி விட்டுவிட்டான் என்று வீட்டைக் காக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார். ராங்கின் வாயிலாகப் பீச்சர் குடும்பத்துக்கு எட்டிய இந்தச் சம்பவமே நாவலில் எலைசா பனிமேல் ஓடும் அத்தியாயமாக வடிவெடுத்தது. "அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். ஆசிரியை தலையசைத்து, "புத்தகத்துப் பெயரால்தான் நாங்களும் அவளை அழைக்கிறோம்" என்றார்.

கீழே, தண்ணீர் ஓரத்துத் தெருவில், ஜான் பார்க்கரின் வீடு இருக்கிறது. ராங்கினைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் இவ்வீட்டைப் பாராமலே போய்விடுகிறார்கள் என்று கேள்வி. அது பெரிய நஷ்டம். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த பார்க்கரை எட்டு வயதிலே தாயிடமிருந்து பிரித்து விற்றுவிட்டார்கள். மற்ற அடிமைகளோடு சங்கிலியில் பிணைபட்டு நடந்து அலபாமா சேர்ந்த அவர், இரும்பு வார்ப்பு வேலை கற்று, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். பிறகு ரிப்ளியில் வார்ப்படச் சாலை வைத்து, புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பகல் முழுதும் தொழில். இரவில் படகெடுத்து அக்கரைக்கே போய் அடிமைகளை மீட்டு வருவார். பிடிபட்டால் உயிர் மிஞ்சாது என்று தெரிந்தே போனார். அவர் சொல்லச் சொல்ல 1880களில் ஒரு பத்திரிகையாளர் எழுதிவைத்த சரிதை அச்சேறியது 1996இல். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குரல் காகிதக் கட்டுக்குள் கிடந்தது என்று நினைக்கும்போது எனக்குத் தாளவில்லை.

பிரன்ஸ்விக்

மேயின் மாநிலம் வேறோர் உலகம். பைன் மரங்களும், உப்புக் காற்றும், வெள்ளை மர வீடுகளும், அதிகம் பேசாத மனிதர்களும். 1850இல் கால்வின் ஸ்டோவுக்கு இங்குள்ள போடின் கல்லூரியில் வேலை கிடைக்க, அம்மையார் நிறைகர்ப்பிணியாக முன்னதாகவே வந்து ஃபெடரல் தெருவில் வாடகை வீட்டில் குடியேறினார். அதே வருஷம் செப்டம்பரில், தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுப்பது வடக்கத்தியாருக்கும் கடமை என்று விதித்த சட்டம் வந்தது. சட்டத்தைக் கண்டு கொதித்த, சகோதரரின் மனைவி ஒருவர், இந்தத் தேசம் முழுவதும் உணரும்படி நீ எழுது என்று கடிதம் போட்டார். மறு வருஷம், முதல் திருச்சபை ஆலயத்தில் நற்கருணை ஆராதனையின்போது, கிழவன் ஒருவன் சவுக்கடி பட்டு உயிர் விடும் காட்சி அம்மையாரின் மனக்கண்ணில் எழுந்ததாம். வீட்டுக்கு வந்து அதையே முதலில் எழுதினார்.

ஆலயத்தில் அவர் அமர்ந்த 23ஆம் எண் இருக்கையைக் காட்டினார்கள். உட்கார்ந்து பார்த்தேன். நேரான முதுகு வைத்த பலகை; உயர்ந்த மரக் கூரையிலிருந்து மங்கிய வெளிச்சம். இங்கே தரிசனம் கிடைத்தது என்பதை நான் அவமதிக்கவில்லை. அம்மையாரும் முதுமையில் இந்நூலைக் கடவுளே எழுதினார் என்று சொல்வதுண்டு. ஆனாலும் அந்த நதிக்கரையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, பதினெட்டு வருஷம் அவர் கண்டதும் கேட்டதும் இழந்ததும் ஒரு முகூர்த்தத்தில் திரண்டு எழுந்தன என்றே படுகிறது. ஆறு பிள்ளைகளும், போதாத சம்பளமும், ஓயாத அடுப்பு வேலையும் சூழ, 1851 ஜூன் 5 முதல் 1852 ஏப்ரல் 1 வரை அவர் வாராவாரம் அத்தியாயம் அனுப்பினார்; பத்திரிகை கொடுத்த சன்மானம் 300 டாலர். எழுதியதைச் சனிக்கிழமை மாலைகளில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவார். கேட்டவர்களில் ஒருவர் ஜோஷுவா சேம்பர்லின் என்ற மாணவர். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் வட படையின் இடப்புறக் கோடியைக் காத்து நின்ற தளபதி அவரே.

ஹார்ட்ஃபோர்டு

1852 மார்ச் 20இல் பாஸ்டனில் நூல் வெளிவந்தது. முதல் வாரத்தில் 10,000, முதல் வருஷத்தில் அமெரிக்காவில் மட்டும் 300,000 பிரதிகள். ஃபாரஸ்ட் தெருவில் அம்மையார் 1873 முதல் 1896இல் இறக்கும் வரை வாழ்ந்த சாம்பல் நிற வீட்டில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து தேசத்துப் பெண்கள் அடிமை ஒழிப்பைக் கோரிக் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பிய விண்ணப்பத்தைக் காத்து வருகிறார்கள். 26 பெரிய தோல் கட்டடத் தொகுதிகள். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துக்கள். லிங்கன் அவரைக் கண்டு, இவ்வளவு பெரிய யுத்தத்தை மூட்டிய சிறிய பெண்மணி நீங்கள்தானா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அது நெடுங்காலம் கழித்தே அச்சில் வந்தது; அதை நம்பித்தான் நூலின் பலத்தை அளக்கவேண்டும் என்பதில்லை. மேரிலாந்தில் சாமுவேல் கிரீன் என்ற சுதந்திரமான கறுப்பினப் போதகர், இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்காக 1857இல் பத்து வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். ஒரு நாவலுக்கு எஜமானர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம்.

இந்த இல்லத்தில் வழிகாட்டிகள் ஒப்பிப்பதில்லை. வந்தவர்களை உட்காரவைத்துப் பேசவிடுகிறார்கள். எங்கள் குழுவிலிருந்த கறுப்பின இளைஞர் ஒருவர், டாம் மாமா என்ற பெயரைத் தம் பாட்டனார் வசைச் சொல்லாகவே அறிந்திருந்தார் என்று சொன்னார். நாடகக்காரர்கள் அம்மையாரின் அனுமதியின்றி மேடையேற்றி, டாமைக் கைகட்டிக் குனியும் கிழவனாக்கிய அநியாயம் ஒரு பக்கம். நூலில் வரும் டாம், சக அடிமையை அடிக்க மறுத்து, தப்பிய பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர் விடுபவன். ஆனால் பழி முழுவதும் நாடகக்காரரைச் சேராது. கறுப்பினக் குழந்தையை வேடிக்கைப் பொருளாக்கியதும், விடுதலை பெற்ற ஜார்ஜ் என்னும் பாத்திரத்தை லைபீரியாவுக்குக் கப்பலேற்றியதும் அம்மையாரின் எழுத்தே. அந்த இளைஞரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. வட கரோலினாவில் எஜமானனிடமிருந்து தப்பி, நிமிர்ந்து உட்காரவும் முடியாத பரண் ஒன்றில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்திருந்து வடக்கே வந்த ஹாரியட் ஜேகப்ஸ், தம் கதையை எழுத உதவி கேட்டு, நண்பர் மூலமாக ஸ்டோ அம்மையாரை அணுகினார். அம்மையாரோ அவர் வேலை பார்த்த வீட்டு எஜமானிக்கே கடிதம் அனுப்பி, விவரம் மெய்தானா என்று விசாரித்து, தாம் எழுதிவந்த வேறொரு நூலில் அதைச் சேர்த்துக்கொள்ள விரும்பினார். மனம் புண்பட்ட ஜேகப்ஸ், பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, கிடைத்த இரவுகளில் தாமே எழுதி 1861இல் தம் வரலாற்றை வெளியிட்டார். அது கற்பனைக் கதை என்று உலகம் நெடுங்காலம் தள்ளி வைத்திருந்தது. 1980களில்தான் ஆராய்ச்சியாளர்கள் அது அவர் எழுதிய மெய் வரலாறே என்று நிலைநாட்டினார்கள். ஸ்டோ அம்மையாரின் நூலைப் படித்து நெஞ்சுருகிய வாசகர்கள், அத்தோடு நின்றுவிடாமல் ஜேகப்ஸ் அம்மையாரின் வரலாற்றையும் ரிப்ளி பார்க்கரின் சரிதையையும் தேடிப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.